தங்கச் சுரங்கமும் ஆற்று மீனும்

ஆற்றிலும் குளத்திலும் பிடிக்கும் மீன், ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் மலிவான புரத உணவாகும். காணியையும் மாட்டையும் விட்டு வந்த எமக்கு அதன் அருமை நன்கு தெரியும். ஆனால் சுரங்க வேலை நடைபெறும் இடங்களில் இதே மீன் நஞ்சையும் வீட்டுக்குள் கொண்டு வருவதுண்டு. இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பிறேசில் நாட்டின் தபஜோஸ் ஆற்றை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

அமேசன் ஆற்றில் கலக்கும் தபஜோஸ் ஆற்றுப் பகுதியில் 1950களின் இறுதியிலிருந்து மக்கள் தங்கம் தேடி வருகின்றனர். 1980களில் இவ்வேலை பெருகியது. தங்கத் துகள் கலந்த சேற்றுடன் இரசத்தைச் சேர்த்தால் அது தங்கத்தைப் பற்றிக் கொள்ளும். அக்கட்டியைச் சூடாக்கும்போது இரசம் ஆவியாகிப் போக, தங்கம் மிஞ்சும். சிந்திய இரசம் ஆற்றில் சேர்கின்றது. ஆவியானது மழையோடு இறங்குகின்றது. காடு வெட்டிய நிலத்திலிருந்து அரித்துச் செல்லப்படும் மண்ணும், தன்னில் இயற்கையாகவுள்ள இரசத்தை ஆற்றில் சேர்க்கின்றது.

சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் இதனை மெதைல் இரசமாக மாற்றுகின்றன. இது உடலுக்குள் இலகுவாகச் செல்லும். மிக மெதுவாகவே வெளியேறும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் இதனை உள்ளெடுக்கின்றன. அவற்றைப் பூச்சிகளும், பூச்சிகளைச் சிறு மீன்களும், சிறு மீன்களைப் பெரிய மீன்களும் உண்கின்றன. ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிவடைகின்றது. மீனைத் தின்னும் பெரிய மீனின் சதையில் அது நீரிலுள்ளதைவிடப் பத்து இலட்சம் மடங்காகவும் இருக்கலாம். ஆகவே நீர் தெளிவாக இருப்பதைக் கொண்டு மீன் நல்லதென முடிவு செய்ய இயலாது.

மெதைல் இரசம் சதையின் புரதத்துடன் பிணைந்திருப்பதால் கழுவினாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் நீங்காது. அது மூளையையும் நரம்புகளையும் தாக்கும். கர்ப்பிணியின் உடலிலிருந்து வயிற்றிலுள்ள சிசுவையும் சென்றடையும். ஈயமும் கட்மியமும் சதையைவிட ஈரல், சிறுநீரகம், செவுள் போன்றவற்றிலேயே கூடுதலாகத் தங்கும். எனவே இவை கலந்த நீரில் பிடித்த மீனின் குடலையும் செவுளையும் நீக்குவது ஓரளவு பயன் தரும்.

அப்படியாயின் மீனைக் கைவிடுவதா? தபஜோஸ் கரை மக்களுக்கு மீனே பிரதான உணவு. 1990களில் கனடா, பிறேசில் ஆய்வாளர்கள் பிரசீலியா லெகால் கிராமத்து மக்களுடன் சேர்ந்து எந்த மீனில் எவ்வளவு இரசம் உண்டெனக் கண்டறிந்தனர். துக்குனாரே போன்ற, பிற மீன்களைத் தின்னும் மீன்களில் அது அதிகம். பழமும் இலையும் உண்ணும் மீன்களில் குறைவு. மக்கள் மீன் உண்பதை நிறுத்தாமல் இரண்டாம் வகையைக் கூடுதலாக உண்ணத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அவர்களது தலைமயிரில் அளவிடப்பட்ட இரசம் குறைந்தது.

இதிலிருந்து நாம் சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம். புதிய இடத்தில் குடியேறும்போது, ஆற்றின் மேற்பகுதியில் முன்னர் என்ன வேலை நடைபெற்றதென அவ்வூர் முதியவர்களிடம் கேட்டறிய வேண்டும். பழைய சுரங்கக் குழிகளில் மீன் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். சந்தேகம் இருப்பின் பல குடும்பங்கள் சேர்ந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். அதுவரை கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தாவரம் உண்ணும் மீன்களையே கொடுப்போம்.

எனினும், மீனைத் தெரிந்து உண்பது தற்காப்பு மட்டுமே. நஞ்சு ஆற்றில் சேராது தடுப்பதே தீர்வாகும். இரசப் பாவனையைக் குறைப்பதற்கென 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. அது ஆற்றங்கரைகளில் நிறைவேறுகின்றதா எனக் கேட்கும் உரிமை அங்கு வாழும் மக்களுக்கு உண்டு.