லைசென்ஸ் கேட்காத படகு

நியூசிலாந்து ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க லைசென்ஸ் வாங்க வேண்டும். வீட்டு நாயையும் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் 300 குதிரைத்திறன் வி8 எஞ்சின் பூட்டிய ஜெட் படகை அதே ஆற்றில் இறக்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாய்வதற்கு எந்த லைசென்சும் வேண்டாம். ஓட்டுகிறவருக்கு 15 வயது ஆகியிருந்தால் போதும். ஜெட் படகுக்கு நம்பர் பிளேட் கிடையாது. நாடு முழுவதற்குமான படகுப் பதிவேடும் கிடையாது.

அங்கே கோடை தொடங்குவது டிசம்பரில். கொட்டகையில் குளிர்காலத்தைக் கழித்த பழைய படகுகள் அக்டோபர், நவம்பரில் விற்பனைக்கு வெளியே வரும். முதல் தடவையாக வாங்கும் குடும்பங்களும் அப்போதுதான் கிளம்பும். காகிதம் எதையும் கேட்காத நாடாயிற்றே என்று அவர்கள் நிம்மதி அடைவதுண்டு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. காகிதம் இல்லாத பொருளை வாங்குகிறவர் தனக்கு வேண்டிய காகிதத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

ஜெட் படகு உருவெடுத்த நாடு அது. தெற்குத் தீவின் மெக்கன்சி வட்டாரத்தில் ஐரிஷ்மேன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையை நடத்திய பில் ஹாமில்டனுக்கு, கூழாங்கல் நிரம்பிய ஆழமில்லாத ஆறுகளில் மேலேறிப் போக வழி வேண்டியிருந்தது. புரொப்பல்லர் அங்கே ஒரு நாள்கூடத் தாங்காது. 1950-களில் அவர் செம்மைப்படுத்திய ஜெட் யூனிட், படகின் அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே பீய்ச்சியடித்தது. 1960-ல் இத்தகைய படகுகள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றை எதிர்த்து ஏறின. 1977-ல் எட்மண்ட் ஹில்லாரி வங்கக் கடலிலிருந்து கங்கையில் மேல்நோக்கிப் போனதும் ஜெட் படகில்தான். அந்தப் பயணத்தில் ஹாமில்டனின் மகன் ஜானும் ஓட்டுநராக இருந்தார். வேகமாக ஓடும்போது சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலே இந்தப் படகுகள் கடந்துவிடும். அந்தப் பெருமையை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதை வைத்துத்தான் சட்டம் பேசும். படகு வியாபாரம் செய்கிறவரிடம் குடும்ப உபயோகத்துக்கு வாங்கினால் 1993-ம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் துணைக்கு வரும். பழைய படகானாலும் அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மூன்றாவது பயணத்திலேயே எஞ்சின் பிளாக்கில் விரிசல் என்று தெரியவருவதாக வைத்துக்கொள்வோம். சின்னக் கோளாறு என்றால் அதைச் சரிசெய்ய டீலருக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும். விரிசல் விட்ட பிளாக் சின்னக் கோளாறு ஆகாது. படகைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பதா, மாற்றுப் படகு கேட்பதா என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கே. பெரிய பொருளைத் திருப்பி அனுப்ப நல்ல செலவாகும் என்றால், டீலர்தான் தன் செலவில் வந்து எடுத்துப் போக வேண்டும். இந்த விதி பலருக்குத் தெரியாததால் டிரெய்லர் வாடகையும் டீசலும் தண்டமாகப் போகின்றன. திருப்பித் தரும் உரிமைக்குக் காலவரம்பு உண்டு. கோளாறு தெரிந்த பிறகும் கோடை முழுக்க ஓட்டிவிட்டு மார்ச்சில் போய் நின்றால் அந்த உரிமை நழுவிவிடக்கூடும்.

'உள்ளது உள்ளபடி, பிறகு கேட்கக்கூடாது' என்று டீலர் பலகை மாட்டினாலும், ரசீதில் அச்சடித்தாலும், குடும்ப உபயோகத்துக்கு வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. அப்படி எழுதுவதே டீலருக்கு வம்பு. வியாபாரிகள் ஏலத்தில் விடும் படகுகளும் 2014 ஜூன் முதல் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. படகோடு 'கூடுதல் வாரன்டி' ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தால், சட்டம் ஏற்கெனவே இலவசமாகத் தருவதைவிட அதில் அதிகமாக என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் காட்டச் சொல்லலாம். காட்ட வேண்டியது டீலரின் கடமை. வாங்கிய பிறகு மனம் மாறினால் 5 வேலை நாட்களுக்குள் அந்த வாரன்டியை ரத்து செய்யவும் முடியும்.

தனிநபரிடம் வாங்கினால் மேலே சொன்ன எதுவும் இல்லை. அங்கே கைகொடுப்பது 2017-ம் ஆண்டின் ஒப்பந்த, வணிகச் சட்டம். விற்பவர் சொன்ன பொய்யை நம்பி வாங்கியிருந்தால் நஷ்டஈடு கேட்கலாம். பொய் பெரிதாக இருந்தால் ஒப்பந்தத்தையே முறிக்கலாம். ஆனால் அவர் வாய் திறக்காமல் இருந்தால் அது பொதுவாகப் பொய்யில் சேராது. ஆகவே கேட்டுவிட வேண்டும், அதுவும் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ. பாறையில் மோதியதுண்டா? எஞ்சினை யார் பிரித்து வேலை பார்த்தார்கள்? கடலில் ஓடியதுண்டா? போன குளிர்காலத்துக்கு முன் எஞ்சின் தண்ணீரை வடித்தீர்களா? கடன் பாக்கி உண்டா? பதில்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். விளம்பரம் இணையத்திலிருந்து மறைந்த பிறகு அதில் என்ன எழுதியிருந்தது என்று சத்தியம் செய்வதால் பயனில்லை. வீட்டு முற்றத்தில் நின்று விற்கிறவர் உண்மையில் வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருந்தால், இணைய விளம்பரத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். தொழில் என்று நிரூபணமானால் டீலருக்கான சட்டம் அவர் மீதும் பாயும்.

கடன் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். படகை ஈடாக வைத்து முந்தைய உரிமையாளர் கடன் வாங்கியிருந்தால், கடன் கொடுத்த நிறுவனம் புதியவரின் வாசலில் வந்து படகை எடுத்துப்போக முடியும். பணம் கொடுத்துத்தானே வாங்கினேன் என்ற வாதம் அங்கே எடுபடாது. காருக்கு நம்பரைத் தட்டினால் அடமான விவரம் வந்துவிடும். படகுக்கு நம்பர் இல்லாததால், தனிச்சொத்து அடமானப் பதிவேட்டில் விற்பவரின் முழுப் பெயர், பிறந்த தேதியை வைத்துத் தேட வேண்டும். அடையாள அட்டையைக் காட்டத் தயங்குகிறவரிடம் பேரத்தை நிறுத்திக்கொள்வதே நல்லது. படகு உடல், எஞ்சின், ஜெட் யூனிட் மூன்றின் வரிசை எண்களையும் விற்பனைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

படகுக்கு இல்லாத சாதகம் டிரெய்லருக்கு உண்டு. அது சாலை வாகனம். நம்பரும் பதிவும் தகுதிச் சான்றும் உண்டு. கைமாறும்போது அந்தச் சான்று ஒரு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று வாங்குகிறவர் எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு. சும்மா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். துருப்பிடித்த பேரிங்கோடு நெடுஞ்சாலையில் நிற்கும்போதுதான் அந்தத் தாள் நினைவுக்கு வரும்.

இனி படகு. டிரெய்லரில் இருக்கும்போதே டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் கம்பிக் கிராதி இருக்கும். அதன் வழியே, தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் சுழலியான இம்பெல்லரின் விளிம்பு தெரியும். கல் கடித்த பல்போல் அது உடைந்திருந்தாலோ, சுற்றியுள்ள வளையத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தாலோ, எஞ்சின் உறுமும், படகு நகராது. அலுமினிய அடிப்பாகத்தில் புதுப் பெயின்ட் மட்டும் பளிச்சென்று இருந்தால் அதன் கீழே வெல்டிங்கைத் தேட வேண்டும். எஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. தெற்குத் தீவின் உறைபனி இரவுகளில், வடிக்காமல் விட்ட தண்ணீர் பனிக்கட்டியாகி பிளாக்கையே பிளந்துவிடும். வசந்தத்தில் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எஞ்சினில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கார் எஞ்சினைப் படகில் பொருத்தியவர்கள் கார் ஆல்டர்னேட்டரையும் கார் ஸ்டார்ட்டரையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். காரில் பெட்ரோல் ஆவி கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும். படகின் வயிற்றில் அது தேங்கி நிற்கும். படகுக்கென்று செய்த பாகங்கள் தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்டவை. கார் பாகம் அப்படியல்ல. எஞ்சின் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, ஆவியை வெளியேற்றும் காற்றாடியைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

ஸ்டியரிங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெட் படகுக்குச் சுக்கான் இல்லை. பின்னால் பீறிடும் தண்ணீர்தான் அதைத் திருப்புகிறது. பாறை நெருங்கும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், திரும்பும் சக்தியும் அத்தோடு போய்விடும். படகு நேராகப் பாறையை நோக்கியே போகும். கார் ஓட்டிப் பழகிய கால் செய்யும் முதல் தவறு இது. அகலமான ஏரியில் ஆளில்லாத இடத்தில் குடும்பத்தை இறக்கிவிட்டுப் பழகிய பிறகுதான் ஆற்றுக்குப் போக வேண்டும். 2019 பிப்ரவரியில் குவீன்ஸ்டவுன் அருகே ஸ்கிப்பர்ஸ் கேன்யனில் சுற்றுலா ஜெட் படகு ஒன்று பாறைச் சுவரில் மோதியது. ஜெட் யூனிட்டின் பின்பகுதியைப் பிடித்திருந்த ஸ்டட்கள் உலோகச் சோர்வால் முறிந்து, ஸ்டியரிங் பறிபோயிருந்தது என்று போக்குவரத்து விபத்து விசாரணை ஆணையம் கண்டது. முறைப்படி சோதனைக்கு உட்படும் தொழில்முறைப் படகுக்கே இந்தக் கதி. பத்தாண்டு கொட்டகையில் கிடந்த படகின் ஸ்டட்களை, கேபிள்களை, போல்ட்களை மெக்கானிக் கழற்றிப் பார்க்காமல் தண்ணீரில் இறக்குவது எந்தக் கணக்கிலும் சேராது. அதற்கு ஆகும் கூலியை விலைபேரத்தில் குறைத்துக் கேட்கலாம்.

ஆற்று விதிகள் புதியவர்களைத் திகைக்க வைக்கும். கரையிலிருந்து 200 மீட்டருக்குள், வேறொரு படகிலிருந்தோ நீந்துகிறவரிடமிருந்தோ 50 மீட்டருக்குள், 5 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது. அதாவது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். 400 மீட்டர் அகலமில்லாத ஆறு முழுவதும் இந்த எல்லைக்குள் விழுந்துவிடும். அப்படியானால் ஜெட் படகுகள் எப்படிப் பறக்கின்றன? குறிப்பிட்ட ஆறுகளில், குறிப்பிட்ட நீளத்துக்கு, சில இடங்களில் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் இந்த வேக வரம்பு தளர்த்தப்பட்டிருக்கிறது. எங்கே என்பதை வட்டார மன்றத்தின் துணைவிதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். வைமக்காரிரி, ரகாயா போன்ற பின்னலாறுகளில் வெள்ளம் ஒன்று வந்துபோனால் வழியே மாறிவிடும். போன வருடம் ஓட்டிய கிளை இந்த வருடம் மணல்திட்டாக இருக்கும், அதில் பறவைகள் முட்டையிட்டிருக்கும்.

ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும். பல வட்டாரங்களில் 6 மீட்டரும் அதற்குக் குறைவுமான படகில் அதை அணிந்தே இருக்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் கிடைக்காது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரச் சமிக்ஞைக் கருவி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். மீட்பு மையத்தில் அதைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. எஞ்சின் ஓடும்போது யாரும் பின்புறம் ஏறக்கூடாது. முடியையும் கயிற்றையும் உறிஞ்சும் வாய் அடியில் இருக்கிறது. பீறிடும் தண்ணீர் உடலுக்குள் புகுந்து காயப்படுத்தும். வேறு ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் படகைப் பார்த்து, கழுவி, காயவைப்பதும் கட்டாயம். 2004-ல் சவுத்லாந்தில் தலைகாட்டிய டிடிமோ பாசியும் 2023-ல் வைகாட்டோ ஆற்றில் அகப்பட்ட தங்கச் சிப்பியும் ஈரமான படகில் தொற்றிக்கொண்டு புதிய ஆற்றுக்குப் போய்விடும்.

விபத்து நடந்தால் நியூசிலாந்தின் கடல்சார் ஆணையத்துக்குக் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். காயம்பட்டவருக்கு ஏசிசி என்ற அரசு விபத்துத் திட்டம், யார் தவறு என்று பார்க்காமல் சிகிச்சைச் செலவையும் வருமான இழப்பின் ஒரு பகுதியையும் தரும். அதற்குப் பதிலாக, உடல் காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு எதிராளி மீது வழக்குப் போடும் வழி பொதுவாக அடைபட்டிருக்கிறது. படகுக்கோ பிறர் படகுக்கோ ஆன சேதம் ஏசிசியில் வராது. அதற்குத் தனி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்ட படகு என்பதைப் பாலிசி எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

விற்றவரோடு தகராறு முற்றினால் தகராறுத் தீர்ப்பாயம் இருக்கிறது. கார் தகராறுகளுக்கென்று உள்ள தனித் தீர்ப்பாயம் படகை ஏற்காது என்பதால் தவறான கதவைத் தட்டி நாள் கடத்த வேண்டாம். தகராறுத் தீர்ப்பாயத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ரெஃபரி ஒருவர் இரு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்பார். 2019-ல் இதன் வரம்பு 15,000 டாலரிலிருந்து 30,000 டாலராக உயர்ந்தது. வரம்பு அவ்வப்போது மாறக்கூடியது, மனுப் போடும் நாளில் உள்ளதையே பார்க்க வேண்டும். கொண்டுபோக வேண்டியவை விளம்பரம், குறுஞ்செய்திகள், விற்பனைத் தாள், வேறொரு மெக்கானிக்கின் எழுத்துபூர்வமான அறிக்கை. பழுதைச் சரிசெய்வதற்கு முன்பே அந்த அறிக்கையை வாங்கிவிட வேண்டும். கழற்றிய பாகத்தை ஒர்க்‌ஷாப்காரர் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பு வந்தும் விற்றவர் பணம் தராவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் வசூல் நடவடிக்கைக்கு மனுச் செய்யலாம்.