கோயிலுக்கு அருகிலா, பள்ளிக்கு அருகிலா?

“வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் இருக்கிறதா?” மகனுக்கு லண்டனில் வேலை உறுதியானதும் கும்பகோணத்துப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆதிகும்பேசுவரர் சந்நிதியில் நிற்காமல் நாளைத் தொடங்கி அறியாதவர் அவர். ஆறு வயதுப் பேத்தியும் மூன்றரை வயதுப் பேரனும் தீபாராதனையைக் காணாமலே வளர்ந்துவிடுவார்களோ என்பது அவருடைய கவலை. மருமகளின் கவலையோ வேறு. “பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க வேண்டுமே, மாமா!”

லண்டனில் கோயில்களுக்குக் குறைவில்லை. விம்பிள்டனில் கணபதி 1981 முதல் அருள்பாலிக்கிறார். ஹைகேட்டிலும் மேனர் பார்க்கிலும் முருகன், ஈஸ்ட் ஹாமில் மகாலட்சுமி, ஈலிங்கில் கனக துர்க்கை அம்மன் எனப் பல ஆலயங்கள் உண்டு. ஈலிங் அம்மன் ஆகஸ்ட் மாதத்தில் தேரேறி வீதியுலா வருகிறாள். இவ்வாலயங்களுள் பல, இலங்கைத் தமிழர்களின் அரிய உழைப்பால் எழுந்தவை.

அக்டோபரில் அங்குச் சென்ற மகன், தற்காலிகமாக ஓர் அறை எடுத்துத் தங்கியபடியே வீடு தேடினார். ஈஸ்ட் ஹாம் அவர் மனத்துக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகள், காதில் விழும் தமிழ், நடந்தே செல்லக்கூடிய கோயில். செய்தி கேட்ட பெரியவர், “உடனே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடு” என்றார்.

மருமகள் மட்டும் சற்றுப் பொறுக்கச் சொன்னார். இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. ஆனால் விரும்பிய பள்ளியில் விரும்பியபடி சேர்த்துவிட முடியாது. கூட்டம் மிகுந்த பள்ளிகள் பலவும், அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைகளுக்கும், அருகில் குடியிருப்போருக்கும் முன்னுரிமை தருகின்றன. தொடக்க வகுப்புகளில் ஓர் ஆசிரியரிடம் 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். ஆகவே, கல்வியாண்டின் நடுவில் வந்து சேரும் குழந்தைக்கு வாசலுக்கு எதிரே இருக்கும் பள்ளியிலும் இடமில்லாமல் போகலாம். எங்கே காலியிடம் உள்ளதோ அங்கேதான் செல்ல வேண்டும்.

அவர் அந்தந்த வட்டார நகராட்சிகளிடம் விசாரித்தார். பார்த்து வைத்த வீட்டைச் சுற்றியிருந்த பள்ளிகளில் பேத்தியின் வகுப்பில் இடமில்லை. எலிசபெத் ரயில் பாதையில் மேனர் பார்க்கிலிருந்து இரண்டாவது நிலையம் செவன் கிங்ஸ். அது வேறொரு நகராட்சியின் எல்லை. அங்கே ஒரு பள்ளியில் இடம் இருந்தது. அந்தப் பள்ளிக்கு அருகிலேயே வீடு பிடித்தார்கள்.

பெரியவர் தொலைபேசியில் வெகுநேரம் பேசவில்லை. “கோயிலை விட்டுத் தள்ளிப் போகிறீர்களே” என்று மட்டும் சொன்னார்.

மார்கழி பிறக்கும் சமயத்தில் அவர் லண்டன் போய்ச் சேர்ந்தார். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பள்ளி விட்டு வெளியே வரும்போதே இருள் கவிழத் தொடங்கியிருக்கும். கையுறை போட்ட பேத்தியின் விரல்களைப் பற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்து வீடு சேர்ந்த முதல் நாளே அவருக்கு ஒரு கணக்கு விளங்கிற்று. கோயிலுக்குப் போவது வாரத்தில் ஒருநாள். பள்ளிக்குப் போவது ஐந்து நாள். இந்தக் குளிரில் ஐந்து நாளும் பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தால் வெள்ளிக்கிழமை மாலையில் கோயிலுக்குக் கிளம்பப் பிள்ளைகளுக்குத் தெம்பு இருக்குமா?

பேரனுக்கும் ஒரு கெடு காத்திருந்தது. நான்கு வயது நிறைந்த குழந்தை அடுத்து வரும் செப்டம்பரில் பள்ளியில் சேரலாம். அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. முடிவு தெரியும் நாள் ஏப்ரல் 16. “பொங்கலுக்குள் விண்ணப்பம், சித்திரை மூன்றாம் நாள் விடை” என்று பெரியவர் தம் பஞ்சாங்கக் கணக்கில் குறித்து வைத்துக்கொண்டார். அக்காள் படிக்கும் பள்ளியிலேயே தம்பிக்கும் இடம் கிடைத்தது.

வீட்டுப் பூஜையிலும் ஒரு பாடம் காத்திருந்தது. முதல் வெள்ளியன்று சாம்பிராணி போட்டதும் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறிற்று. வாடகை வீடுகளில் அது கட்டாயம். அன்றிலிருந்து சிறு நெய்விளக்கும் இரண்டு பூவும் மட்டுமே. விளக்கேற்றும்போது பேரன் தானாகவே வந்து அருகில் அமர்ந்துவிடுவான்.

வெள்ளி மாலைகளில் ரயிலேறினால் இரண்டாவது நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்து முருகனைத் தரிசிக்கிறார்கள். நடக்கிற தொலைவில் பள்ளி, ரயிலேறும் தொலைவில் கோயில் என்ற ஏற்பாடு அந்தக் குடும்பத்தில் நிலைத்துவிட்டது.

கும்பகோணம் திரும்பியபின், பிள்ளைகள் வெளிநாடு செல்லும் செய்தியோடு வருவோரிடம் பெரியவர் இப்போதும் கேள்வி கேட்கிறார். முதலில், “குழந்தைக்குப் பள்ளியில் இடம் பார்த்தாயிற்றா?” அடுத்து, “அங்கிருந்து கோயிலுக்கு எத்தனை ஸ்டேஷன்?”