ஓர் எழுத்து, எத்தனை ஒலி?

ஒரு மொழியில் எந்த ஒலி மாறினால் பொருள் மாறுகிறது, எது மாறினாலும் பொருள் அப்படியே நிற்கிறது என்று ஆராய்வது ஒலியனியல். ஒலி வாயில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பது ஒலியியலின் பாடம். 1939-இல் வெளியான மொழியியலாளர் த்ருபெட்ஸ்காயின் நூல் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்தது. பிறப்பியல் என்று தனி இயலே வகுத்த தொல்காப்பியம், எந்த ஒலி எந்த இடத்தில் வரலாம் என்பதையும் விரிவாகச் சொல்கிறது.

'பலம்', 'பழம்' இரண்டும் வேறு சொற்கள். ஆகவே லகரமும் ழகரமும் தனித்தனி ஒலியன்கள். 'கல்', 'பங்கு', 'அகம்' ஆகியவற்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆனால் அதைத் தீர்மானிப்பது இடம்தான். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் குரல்நாண் அதிராது. மெல்லினத்தை அடுத்து அதிரும். உயிர்களுக்கிடையே ஒலி நெகிழும். இவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள். கால்டுவெல் 1856-இலேயே இந்த ஒழுங்கைக் கவனித்து எழுதினார். தேவநாகரி நான்கு எழுத்து வைத்திருக்கும் இடத்தில் தமிழ் ஒன்றோடு நிற்பது குறையல்ல, சிக்கனம்.

சென்னையின் பெசன்ட் நகர் என்ற பெயர் முதல் எழுத்திலேயே இந்த ஒழுங்கை மீறுகிறது. 1907 முதல் 1933-இல் மறையும்வரை அடையாற்றில் பிரம்மஞான சபைக்குத் தலைமை வகித்த அன்னி பெசன்ட்டின் பெயர் அது. 'பெரிய' என்பதில் அதிராத பகரம் இங்கே 'கம்பி'யில் போல அதிர்கிறது. அப்படியானால் இது தனி ஒலியனா? பக்கத்துத் திருவான்மியூரில், கலாக்ஷேத்திராவின் நாட்டிய வகுப்பில் முகத்தில் காட்டும் 'பாவம்' அதிரும். 'ஐயோ பாவம்' அதிராது. எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்பவரிடம் அது தனி ஒலியன். ஒன்றாகச் சொல்பவரிடம் இல்லை. தமிழில் அந்த ஒலியன் உண்டா என்றால், யாருடைய தமிழில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதே பெயரின் நடுவில் இன்னொரு சிக்கல். தமிழ் மரபில் டகரத்துக்கு முன் ணகரம் வரலாம், னகரம் வராது. 'பெசண்ட்' என்றும் பலர் எழுதுவதற்கு இதுவே காரணம். பிழை என்று அதைத் திருத்துவது அநியாயம்.

சொல்லின் இறுதியிலும் கட்டுப்பாடு உண்டு. தொல்காப்பியம் அங்கே 11 மெய்களை மட்டும் அனுமதிக்கிறது. அவற்றில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. எனவே பெசன்ட் நகரின் எலியட்ஸ் பீச், பேச்சில் ஓர் உகரம் சேர்ந்து 'பீச்சு' ஆகிறது. பஸ் 'பஸ்ஸு' ஆகிறது. பேச்சுத் தமிழ் இதோடும் நிற்பதில்லை. இலக்கணம் தடுக்காத லகர, ரகர ஈறுகளும் உகரம் பெற்று, பால் 'பாலு' ஆகிறது, நகர் 'நகரு' ஆகிறது.