வாப்பாவின் மொறிஸ் மைனருக்கு வெளிச்சம்

சகோதரிகளே, வாப்பா விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் உங்கள் வாசலிலும் நிற்கிறதா? மஃரிபுக்குப் பின் கற்பிட்டி வீதியில் பிள்ளைகளோடு வரும்போது முன்விளக்கு மண்ணெண்ணெய் லாம்பு போல மங்குகிறதா? பல்பை மட்டும் மாற்றச் சொல்லிவிடாதீர்கள்.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான கார் இது. டைனமோ தருவது அதிகபட்சம் 22 அம்பியர் அளவுதான். எஞ்சின் மெதுவாக ஓடினால் அதுவும் இல்லை. முன்விளக்குகளுக்கோ பியூஸே கிடையாது! 55 வாட் ஹெலஜன் பல்புகள் இரண்டும் சேர்ந்து 9 அம்பியர் இழுக்கும். அரை நூற்றாண்டு தாண்டிய வயர் தாங்குமா? சுவிட்சருகே உருகினால் பிள்ளைகள் இருக்கும் காருக்குள்தான் புகை.

ஆகவே, கராஜ் பாஸிடம் முதலில் ரிலே பூட்டச் சொல்லுங்கள். பெற்றரியிலிருந்து பியூஸ் வழியாகப் புது வயர் நேரே விளக்குக்குப் போகும். பழைய சுவிட்சுக்கு ரிலேயை இயக்கும் சிறு வேலை மட்டுமே. நம் கரையோர உப்புக்காற்று எர்த் முனைகளை அரித்துவிடும். அவற்றையும் சுரண்டிக் கிரீஸ் பூசட்டும். செலவில்லாத வேலை, ஆனால் பலரும் மறப்பது இதைத்தான்.

இன்னொன்று, இந்தக் காரில் பெற்றரியின் பொசிட்டிவ் முனையே பொடியோடு சேர்ந்திருக்கும். அதைக் கவனியாமல் வாங்கும் எல்இடி பல்ப் பல எரியாது. ஓல்டனேட்டர் போடுவதானாலும் இணைப்பை மாற்றியாக வேண்டும். அதற்குக் காசு சேரும்வரை ரிலே போதும் என்பேன்.

வேலை முடிந்த காரைப் பகலில் பொறுப்பேற்காதீர்கள். இருட்டியபின் ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள்.