பஞ்சர் சீலண்ட்: ஓட்டையை அடைக்கும், ஆணியை எடுக்காது

இருசக்கர வண்டியின் டயருக்குள் முன்கூட்டியே ஊற்றி வைக்கப்படும் கெட்டியான திரவம் பஞ்சர் சீலண்ட். ஆணியோ முள்ளோ குத்திக் காற்று வெளியேறத் தொடங்கியதும், அந்த ஓட்டையை உள்ளிருந்தே அடைப்பது இதன் வேலை. பஜாஜ் சேத்தக் போன்ற பழைய ஸ்கூட்டர்களில் ஸ்டெப்னி இருந்தது. வழியில் பஞ்சரானால் சக்கரத்தை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். இன்றைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றிலும் பைக்குகளிலும் அந்த வசதி கிடையாது. பஞ்சர் கடை இல்லாத சாலையில் இரவு நேரத்தில் வண்டியைத் தள்ளும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே பலர் சீலண்டை நாடுகிறார்கள்.

பெரும்பாலான சீலண்ட்களில் அடிப்படைப் பொருள் கிளைகால் கலந்த நீர். கிளைகால் இருப்பதால் திரவம் சீக்கிரம் உலர்வதில்லை. அதனுடன் நுண்ணிய இழைகள், ரப்பர் துகள்கள், திரவத்தைக் கெட்டியாக்கும் பொருள், ரிம் அரிக்காமல் தடுக்கும் பொருள் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. வண்டி ஓடும்போது மையவிலக்கு விசையால் இந்தக் கலவை, சாலையைத் தொடும் பட்டன் பகுதியின் உட்புறம் முழுவதும் பூச்சாகப் பரவுகிறது. ஆணி குத்தினால், வெளியே பாயும் காற்றே கலவையை ஓட்டைக்குள் தள்ளுகிறது. இழைகள் அங்கே சிக்கி வலையாகி நிற்கின்றன. ரப்பர் துகள்கள் அந்த வலையில் மாட்டி இடைவெளியை நிரப்புகின்றன. ஆணியைப் பிடுங்கிய இடத்தில் பச்சையோ நீலமோ, சீலண்டின் நிறத்தில் சில சொட்டுகள் நுரைத்து வெளிவரும். சக்கரத்தைச் சில முறை சுற்றிவிட்டாலோ சிறிது தூரம் ஓட்டினாலோ நுரை அடங்கி, ஈரப் புள்ளி மட்டும் மிஞ்சும்.

பஞ்சரான பிறகு பயன்படுத்தும் சீலண்டும் உண்டு. இவற்றில் பல லேட்டக்ஸ் கலந்தவை. ஓட்டையை அடைந்ததும் உறைந்துவிடும். கார்களில் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு, பஞ்சர் சரிசெய்யும் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அந்த கிட்டில் வருவது இந்த அவசர வகைதான். முன்கூட்டியே ஊற்றி மாதக்கணக்கில் விட்டுவைக்க அது ஏற்றதல்ல.

டியூப்லெஸ் டயரில்தான் சீலண்ட் நன்றாக வேலை செய்யும். அதன் தடித்த ரப்பர், குத்திய ஆணியை இறுகப் பிடித்துக்கொள்வதால் காற்று மெதுவாகவே கசியும். இழைகள் படிய அவகாசம் கிடைக்கும். டியூபின் ரப்பரோ மெல்லியது. காற்றடைத்து விரிந்து நிற்கும் டியூபில் சிறிய துளையும் எளிதில் கிழிசலாகிவிடும். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் ஆணி அசைந்து இரண்டு மூன்று இடங்களில் குத்துவதும் உண்டு. ஆகவே டியூப் உள்ள வண்டிகளில் சீலண்டை முழுமையாக நம்ப முடியாது. ஹோண்டா ஆக்டிவாவில் பல ஆண்டுகள் வந்த 'டஃப்-அப்' டியூப் இந்தக் குறைக்கு ஒரு விடை: காற்றுக்கு ஓர் அறை, சீலண்டுக்குத் தனி அறை என அது பிரிக்கப்பட்டிருந்தது.

எந்த வகை டயரானாலும் சீலண்டுக்கு வரம்பு உண்டு. பொதுவாக 4 முதல் 6 மி.மீ. வரை அகலமுள்ள துளைகளுக்கே தயாரிப்பாளர்கள் உறுதி தருகிறார்கள். கண்ணாடி கிழித்த நீண்ட வெட்டு இதில் அடங்காது. டயரின் பக்கச்சுவரில் விழும் ஓட்டையும் அப்படித்தான்: சீலண்ட் பூச்சு அங்கே நிற்காது, ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுவர் வளைந்து நிமிர்வதால் அடைப்பும் தங்காது. பட்டன் தேய்ந்த டயரில் சீலண்ட் ஊற்றுவது வீண்செலவு.

ஊற்றும் முறை எளிது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வால்வு பக்கவாட்டில் வரும்படி சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டு, குழாய் வழியாகத் திரவத்தைச் செலுத்த வேண்டும். 10 அங்குல ஸ்கூட்டர் சக்கரத்துக்குச் சுமார் 200 முதல் 250 மி.லி., 17 அங்குல பைக் சக்கரத்துக்குச் சுமார் 300 முதல் 400 மி.லி. தேவைப்படும், சரியான அளவு பாட்டிலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பின்னை மாட்டி, உரிய அழுத்தத்துக்குக் காற்றடித்து, உடனே சில கிலோமீட்டர் ஓட்டினால் திரவம் சீராகப் பரவும். பிறகு காற்று பார்க்கும்போதெல்லாம் வால்வை மேல்பக்கம் நிறுத்திச் சிறிது நேரம் விட்டால், திரவம் கீழே வடிந்துவிடும். வால்வில் அடைப்பு வராது.

சீலண்டால் தொல்லைகளும் உண்டு. அளவுக்கு மேல் ஊற்றினாலோ, நெடுநாள் நின்ற வண்டியில் திரவம் ஒரே இடத்தில் தேங்கிக் கெட்டியானாலோ, வேகமாகப் போகும்போது சக்கரம் அதிரும். ஒட்டுப் போட வரும்போது உட்புறப் பிசுக்கை முழுவதும் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. பஞ்சர் கடைக்காரர்கள் சீலண்ட் போட்ட டயரைக் கண்டு முகம் சுளிப்பது இதனால்தான். தரமற்ற திரவம் ரிம்மை அரிக்கும். சில டயர் நிறுவனங்கள் சீலண்ட் ஊற்றிய டயருக்கு வாரன்டி தருவதில்லை. திரவத்துக்கும் ஆயுள் உண்டு. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உலர்ந்து பயனற்றுப் போகும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, பஞ்சரானதே தெரியாமல் போவது. காற்று இறங்காததால் ஓட்டுநர் டயரைப் பார்ப்பதில்லை. தலை தேய்ந்த ஆணி உள்ளேயே அசைந்து துளையை அகலமாக்கும். அதன் வழியே ஈரம் புகுந்து, டயருக்கு வலுத் தரும் இழை அடுக்குகளைக் கெடுக்கும். ஒருநாள் துளை சீலண்டின் வரம்பைத் தாண்டும்போது காற்று ஒரேயடியாக இறங்கும். ஆகவே சீலண்ட் ஊற்றிய டயரையும் வாரம் ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஓடுவதற்கு முன் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். ஆணி தென்பட்டால், அல்லது அழுத்தம் வாரந்தோறும் குறைந்தால், கடைக்குப் போய் டியூப்லெஸ் டயருக்குத் திரி செருகியோ உட்புறம் ஒட்டுப் போட்டோ நிரந்தரமாகச் சரிசெய்வதே முறை.

தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை உள்ள ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குச் சீலண்ட் அவசியமில்லை. இரவுப் பணிக்குப் போகிறவர்கள், தனியாக நெடுந்தூரம் போகிறவர்கள், கட்டட வேலை நடக்கும் பகுதிகளிலோ கருவேல முள் உதிரும் மண்பாதைகளிலோ தினமும் ஓட்டுகிறவர்கள் ஆகியோருக்கு அது உண்மையிலேயே உதவும். வண்டி டியூப்லெஸ் டயரில் ஓடுகிறது, பட்டன் நன்றாக இருக்கிறது என்றால் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைக்கும்.