நிற்கும் காரின் நடுக்கம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஓடும் கார் குலுங்கினால் சாலையைக் குறை சொல்லலாம். நிற்கும் கார் நடுங்கினால் யாரைக் குறை சொல்வது?

என் தந்தை வாடகைக் கார் ஓட்டுபவர். கடனுக்கு வாங்கிய பழைய பெட்ரோல் கார் அது. சென்ற ஆண்டு அதற்கொரு விசித்திர நோய் கண்டது. ஓடும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் நின்றால் போதும், ஸ்டீயரிங், இருக்கை, கதவுக் கண்ணாடி எல்லாம் நடுங்கும். சவாரி வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பட்டறையில், "என்ஜினை இறக்கிப் பிரிக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அன்றிரவு அப்பா என் முகத்தைப் பாராமலே, "இந்தத் தடவை உன் பீஸைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாமாப்பா?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த வாரம்தான் ஆய்வுக்கூடத்தில் சுரமானிச் சோதனை செய்திருந்தேன். அதிரும் இசைக்கவையைப் பெட்டிமேல் ஊன்றி, கம்பியின் நீளத்தை மாற்றிக்கொண்டே வருவோம். கம்பியின் இயல்பு அதிர்வெண்ணும் கவையின் அதிர்வெண்ணும் ஒன்றாகும் கணத்தில், கம்பியின்மேல் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். இதுவே ஒத்ததிர்வு. 1831இல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம், படைவீரர்கள் சேர்ந்து அடிவைத்து நடக்கையில் இடிந்து விழுந்தது நினைவிருக்கலாம்.

காரிலும் இதுதானோ? கணக்குப் போட்டேன். நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு என்ஜினில், ஒரு சுற்றுக்கு இரு முறை எரிபொருள் வெடிக்கிறது. நிற்கையில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால், நொடிக்கு 12.5 சுற்று, 25 வெடிப்பு.

ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவருடன் சோதனையில் இறங்கினோம்.

முதலாவது, நின்ற இடத்திலேயே நடுங்குவதால் சக்கரமும் டயரும் குற்றவாளிகள் அல்ல.

இரண்டாவது, ஒரு சிலிண்டர் எரியாமலிருந்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 6 முறை வண்டி தள்ளாடும். இங்கோ நடுக்கம் மிக விரைவானது. இருந்தாலும் அண்ணன் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எதைக் கழற்றினாலும் என்ஜின் வேகம் ஒரே அளவில் குறைந்தது. ஆகவே நான்கும் ஒழுங்காகவே உழைத்தன. (அந்த வயர்களில் பல்லாயிரம் வோல்ட் பாயும், நண்பர்கள் தனியே முயல வேண்டாம்.)

மூன்றாவது, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து 1,200 சுற்றுக்கு ஏற்றினோம். இப்போது நொடிக்கு 40 வெடிப்பு. நடுக்கம் பெரிதும் அடங்கிவிட்டது! ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தலைதூக்கும் நடுக்கம் ஒத்ததிர்வின் அடையாளம் அன்றோ?

அப்படியானால் இங்கே "கம்பி" எது? நான் விழித்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "தம்பி, என்ஜின் எதுமேல உக்காந்திருக்கு?" என்று கேட்டு, டார்ச்சுடன் கீழே குனிந்தார். என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் ஒன்று கிழிந்து அமுங்கி, இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தன.

ரப்பர் என்பது ஒரு சுருள்வில் போல. அது மென்மையாக இருக்கும்வரை இயல்பு அதிர்வெண் 25க்கு வெகு கீழே இருக்கும். திணிக்கும் அதிர்வெண், இயல்பு அதிர்வெண்ணைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் அதிர்வு குறைந்தே உடலுக்குப் போகும். ரப்பர் கிழிந்து இரும்பு தொட்டதும் விறைப்பு கூடியது. இயல்பு அதிர்வெண் உயர்ந்து 25ஐ நெருங்கியது. காகிதத் துண்டு போலக் கதவுக் கண்ணாடி துள்ளியது!

புது மவுண்டிங் போட்டதும் நடுக்கம் நின்றது. செலவு, பட்டறையில் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்கே. கட்டணத்தையும் உரிய நாளில் கட்டினேன்.

"இதெல்லாம் உன் பாடத்துல இருக்கா?" என்றார் அப்பா. "கம்பியும் காகிதமும்தான்பா இருக்கு" என்றேன். உண்மையும் அதுவே. காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணக்குக் காட்டியது. கிழிந்த ரப்பரைக் கண்டது, பள்ளியைப் பாதியில் விட்ட அந்த அண்ணனின் கண். ஆய்வுக்கூடத்தில் அளவீடுகளை அடுத்தவர் ஏட்டைப் பார்த்து எழுதும் நண்பர்களே, காகிதம் துள்ளுவதை ஒருமுறையேனும் நீங்களே பாருங்கள். என்றேனும் உங்கள் வீட்டுக்கு அது உதவும்.