தலைப்பில் ஒளித்து வைக்கும் பெயர்

‘பிரபல நடிகர் மரணம்; சோகத்தில் திரையுலகம்’ என்று கைபேசியில் ஒரு வரி வந்து விழுகிறது. யார் என்று தெரிய வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். சாவுச் செய்தியில் பெயரை ஒளித்துவைத்து வாசகரை இழுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வாசகரை உள்ளே இழுக்கும் தலைப்பை ஒரு தொழில்நுட்பமாகவே வளர்த்தது, 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய அப்வொர்த்தி இணையதளம். அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் 25 தலைப்புகள் எழுதியாக வேண்டியிருந்தது. முதலில் வருபவை தேய்ந்த சொற்களாக இருக்கும். இருபதை நெருங்கும்போது கைச்சரக்கெல்லாம் தீர்ந்து, எதிர்பாராத ஒன்று பிறக்கும் என்று நம்பினார்கள். தேறியவற்றை வாசகர்களிடம் பிரித்துக் காட்டி, அதிகம் பேர் தொட்டதையே வைத்துக்கொண்டார்கள். அந்த 25 என்ற உழைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் செய்தி அறைகளில் ஒரு தலைப்புக்கு ஐந்து முயற்சி செய்தாலே எவ்வளவோ மாறும்.

அந்தச் சோதனைகளின் தரவு பிற்பாடு ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை அலசிய ஆய்வு 2023இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியானது. சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால், தொடுவோர் விகிதம் 2.3 சதவீதம் உயர்கிறதாம். நல்ல சேதிகளைப் பரப்பவென்றே தொடங்கிய தளத்திலேயே இந்த நிலை! எண் சிறியதுதான். ஆனால் நாள் முழுக்க எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரின் கை, தானாகவே ‘அதிர்ச்சி’, ‘பரபரப்பு’ பக்கம் போய்விடும்.

தொட்டவர் தங்கிப் படிக்கிறாரா, உடனே திரும்புகிறாரா என்று பார்த்து, ஏமாற்றும் தலைப்புகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக 2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக் அறிவித்தது. தொடுவதை மட்டும் எண்ணினால் போதாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆவலைத் தூண்டுவதில் தவறே இல்லை. நமக்குத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் ஆவல் பிறக்கிறது என்று உளவியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் எழுதினார். அப்படியானால் எதையாவது முதலில் தெரியப்படுத்தியாக வேண்டும். குடிநீர்க் கட்டணம் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இல்லத்தரசிகளுக்குக் காத்திருக்கும் அதிர்ச்சி’ என்பதில் எதுவும் தெரியவில்லை. ‘குடிநீர்க் கட்டணம் உயர்கிறது: உங்கள் வீட்டுக்கு எவ்வளவு?’ என்று எழுதினால் செய்தியும் கிடைக்கிறது, உள்ளே போகக் காரணமும் கிடைக்கிறது. அந்தக் கணக்கு கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.